ஒரு குதிரை, நாற்பது பங்கு

1983 பிப்ரவரி 8 இரவு, அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்தில் உள்ள பாலிமனி குதிரைப் பண்ணைக்குள் துப்பாக்கி ஏந்திய கும்பல் ஒன்று முகமூடியோடு நுழைந்தது. லாயத்தின் தலைமைப் பராமரிப்பாளரை மிரட்டி, ஷெர்கர் என்ற குதிரையை அவர் கையாலேயே வண்டியில் ஏற்ற வைத்தது. பிறகு அவரையும் வேறொரு வண்டியில் கொண்டுபோய்ச் சில மணி நேரம் கழித்து வழியில் இறக்கிவிட்டது. கேட்ட பிணைத்தொகை 20 லட்சம் பவுண்டு. 1981 எப்சம் டெர்பி பந்தயத்தில் பத்துக் குதிரை நீளம் முன்னால் வந்து வென்ற குதிரை அது. அந்தப் பந்தயத்தின் வரலாற்றில் அவ்வளவு இடைவெளியில் எந்தக் குதிரையும் வென்றதில்லை.

ஷெர்கர் பண்ணை உரிமையாளர் ஆகா கான் ஒருவருக்கே சொந்தம், அவரிடம் கேட்டால் பணம் வந்துவிடும் என்று கடத்தியவர்கள் நம்பியதாகவே அந்த நிகழ்வைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள். உண்மையில், டெர்பி வென்ற ஆண்டிலேயே ஆகா கான் அந்தக் குதிரையை 40 பங்குகளாக்கி, பங்கு ஒன்றுக்கு 2,50,000 பவுண்டு விலை வைத்து விற்றிருந்தார். தமக்கென்று 6 பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டார். மற்ற 34 பங்குகளும் பல நாடுகளில் இருந்த பண்ணைக்காரர்கள், செல்வந்தர்கள் கையில் இருந்தன. பிணைத்தொகையை யார் கொடுப்பது? கொடுக்கலாமா கூடாதா என்று யார் முடிவெடுப்பது? ஒருமுறை கொடுத்துவிட்டால் நாளை எல்லாருடைய லாயங்களும் கொள்ளைக்காரர்களுக்குத் திறந்த வாசல் ஆகிவிடும் என்று பங்குதாரர்கள் அஞ்சினார்கள். குதிரை உயிரோடு இருப்பதற்கு அனுப்பப்பட்ட சான்று அவர்களுக்குப் போதவில்லை. நான்கு நாளில் பேச்சு அறுந்தது. ஷெர்கரின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

பந்தயக் குதிரையில் பங்கு வாங்குவது இன்று கைப்பேசியில் முடிகிற காரியம். குதிரையின் படம், வம்சாவளி, பயிற்சியாளர் பெயர், பங்கின் விலை எல்லாம் ஒரே திரையில் வந்துவிடுகின்றன. அந்த விலையைக் கொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. செலவையும் ஆதாயத்தையும் பங்கு போடுவது எளிது. கணக்குப்பிள்ளை ஒருவர் போதும். முடிவெடுக்கும் உரிமையையும், அந்த உயிரைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் கடமையையும் எப்படிப் பங்கு போடுவது என்பதைப் பல ஒப்பந்தங்கள் எழுதாமலே விட்டுவிடுகின்றன. இதில் நட்டப்படுவது பெரும்பாலும் குதிரை.

பங்கு என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். இக்கட்டுரை பேசும் பந்தயக் குதிரைகள் யாவும் தரோபிரெட் என்ற ஒரே இனம். அவற்றின் ஆண்வழி மூலத்தைத் தேடிப் போனால், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட டார்லி அரேபியன், கோடால்பின் அரேபியன், பையர்லி டர்க் ஆகிய மூன்று பொலிகுதிரைகளில் வந்து நிற்கும். இந்த இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு இடமே இல்லை. ஆணும் பெண்ணும் நேரில் சேர்ந்து பிறந்த குட்டிக்கு மட்டுமே இனப்பதிவேட்டில் இடம் உண்டு. ஆகவே ஒரு பொலிகுதிரை ஓர் ஆண்டில் எத்தனை பெண் குதிரைகளோடு சேர முடியும் என்பதற்கு இயற்கையே ஒரு வரம்பு வைத்தது. அந்தக் காலத்தில் பண்ணைகள் அதை ஏறக்குறைய நாற்பது என்று கொண்டன. ஷெர்கர் நாற்பது பங்கானது அதனால்தான். ஒரு பங்கு வைத்திருந்தவர் ஆண்டுக்கு ஒரு பெண் குதிரையை அதனிடம் அனுப்பலாம். அப்படிப் பிறக்கும் குட்டி அவருக்கே சொந்தம். எனவே அன்று ‘பங்கு’ என்பது பந்தயத்தில் கிடைக்கும் பரிசுப் பணத்தைப் பற்றியதல்ல, வரப்போகும் குட்டிகளைப் பற்றியது. இப்போது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண் குதிரைகளோடு ஒரே பருவத்தில் சேர விடப்படும் பொலிகுதிரைகள் உண்டு. பழைய வரம்பு பணத்தின் முன் தளர்ந்துவிட்டது.

இந்த ஏற்பாட்டின் மிகப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் செக்ரெடேரியட். 1973 ஜனவரியில் அதன் பண்ணையின் தலைவர் கிறிஸ்டோபர் செனரி இறந்தார். மகள் பென்னி செனரி முன் பெரிய வாரிசு வரி வந்து நின்றது. குதிரையை விற்காமல் வரியைக் கட்ட வழியில்லை, விற்றால் குதிரை கையை விட்டுப் போய்விடும். அப்போது கென்டக்கியின் கிளெய்போர்ன் பண்ணைப் பொறுப்பை ஏற்றிருந்த இருபத்து மூன்று வயது இளைஞர் சேத் ஹான்காக், தொலைபேசியிலேயே ஆள் பிடித்து, குதிரையை 32 பங்குகளாகப் பங்கு ஒன்றுக்கு 1,90,000 டாலர் வீதம் விற்றுக்கொடுத்தார். மொத்தம் 60,80,000 டாலர், அதுவரை உலகம் காணாத தொகை. பென்னி செனரி 4 பங்குகளை வைத்துக்கொண்டார். அந்த ஆண்டு செக்ரெடேரியட் மும்மணி எனப்படும் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றது. மூன்றாவதான பெல்மான்ட்டில் 31 குதிரை நீளம் முன்னால் வந்து 2 நிமிடம் 24 வினாடியில் முடித்தது. அந்தச் சாதனை இன்னும் உடையவில்லை.

பங்கு விற்பனை நடந்தது இந்த வெற்றிகளுக்கெல்லாம் முன்பு. அதன் நிபந்தனைகளில் ஒன்று, ஆண்டு முடிவில் குதிரை ஓட்டத்தை விட்டுப் பண்ணைக்கு வந்துவிட வேண்டும் என்பது. வந்தது. மூன்று வயதில், உடல் முழு வலுவில் இருந்தபோது அது பந்தயக் களத்தை விட்டது. நான்கு வயதில் அது எப்படி ஓடியிருக்கும் என்று யாரும் பார்க்கவில்லை. பங்குதாரர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது: கால் உடைந்தால் அவர்கள் போட்ட பணம் போய்விடும். ஆனால் ஒரு விலங்கின் வாழ்க்கை எந்தத் திசையில் போகும் என்பதை அதன் ஓட்டம் தீர்மானிக்கவில்லை, ஒப்பந்தத்தின் ஒரு வரி தீர்மானித்தது.

முப்பது ஆண்டு கழித்து இதற்கு நேர் எதிரான கதை ஒன்று நடந்தது. நியூயார்க் மாநிலத்தில் சாக்கெட்ஸ் ஹார்பர் என்ற சிற்றூரில் ஒன்றாகப் பள்ளியில் படித்த நண்பர்கள் ஆளுக்கு 5,000 டாலர் போட்டுக் குதிரை வாங்கத் தொடங்கினார்கள். பின்னர் மேலும் சிலர் சேர்ந்தார்கள். அந்தக் கூட்டு 75,000 டாலருக்கு வாங்கிய ஃபன்னி சைட், 2003-இல் கென்டக்கி டெர்பியையும் அடுத்து பிரீக்னஸ் பந்தயத்தையும் வென்றது. உரிமையாளர்கள் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தில் ஏறிப் பந்தயத்துக்குப் போனதை அமெரிக்கப் பத்திரிகைகள் கொண்டாடின. ஃபன்னி சைட் காயடிக்கப்பட்ட குதிரை. குட்டி போடும் மதிப்பு அதற்குக் கிடையாது. அதனால் பண்ணைக்கு அழைத்துப் போகும் அவசரமும் யாருக்கும் இல்லை. அது 2007 வரை, ஏழு வயது வரை ஓடியது. பிறகு கென்டக்கியின் குதிரைப் பூங்காவில் மக்கள் பார்க்க வாழ்ந்து 2023-இல் இறந்தது. சந்தை மதிப்பு குறைந்த குதிரைக்கு வாழ்க்கை நீளமாக அமைந்தது என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

விலை எப்படி அமைகிறது என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டில் மாடானாலும் குதிரையானாலும் சுழி பார்த்து வாங்கும் வழக்கம் உண்டு. நெற்றியிலும் கழுத்திலும் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து அது வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வார்கள். ஏலக் கூடத்தில் ஓராண்டுக் குட்டியைப் பார்க்க வரும் முகவர்களின் பார்வையும் ஏறக்குறைய அப்படித்தான் தொடங்குகிறது. நடக்கவிட்டுப் பார்ப்பார்கள்: பின்னங்கால் முன்னங்கால் தடத்தைத் தாண்டி விழுகிறதா, முழங்கால் நேராக இருக்கிறதா, குளம்பு வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா. பிறகு அறிவியல் வருகிறது. மூட்டுகளின் எக்ஸ்ரே படங்கள் ஏலக் கூடத்திலேயே பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும். மூக்கு வழியாகக் குழாய்க் கருவி விட்டுக் குரல்வளையைப் பார்ப்பார்கள். அதன் இடப்பக்க நரம்பு தளர்ந்திருந்தால் ஓடும்போது காற்று போதாது, மூச்சில் உறுமல் சத்தம் வரும். பட்டியலில் தாய்வழி உறவினர் வென்ற பெரிய பந்தயங்கள் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். விலையைப் பெரும்பாலும் அந்தத் தடித்த எழுத்துதான் ஏற்றுகிறது.

இத்தனையும் பார்த்தபின் கிடைக்கும் அறிவு எவ்வளவு? நார்தர்ன் டான்சர் என்ற கனடாவின் குட்டிக்கு 1962-இல் 25,000 டாலர் குறைந்தபட்ச விலை வைத்தார்கள். யாரும் வாங்கவில்லை, உயரம் போதாது என்று. அதுவே 1964-இல் கென்டக்கி டெர்பியை வென்று, இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய பொலிகுதிரை என்று பெயரெடுத்தது. 1980-களில் அதனோடு ஒரு பெண் குதிரையைச் சேர்க்க 10 லட்சம் டாலர் வரை கொடுத்தார்கள், அதுவும் குட்டி பிறக்கும் என்ற உத்தரவாதம் இல்லாமல். 1983 ஜூலையில் கீன்லாண்ட் ஏலத்தில் அதன் மகன் ஒன்று விலைக்கு வந்தது. துபாயின் ஷேக் முகமதுவும் பிரிட்டனின் ராபர்ட் சாங்ஸ்டர் குழுவும் விட்டுக்கொடுக்காமல் மோதினார்கள். விலை ஒரு கோடியைத் தாண்டியபோது, அத்தனை இலக்கம் காட்ட முடியாமல் ஏலக்கூடத்தின் எண்பலகை திணறியது. 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு ஷேக் முகமது வாங்கினார். ஸ்னாஃபி டான்சர் என்று பெயரிடப்பட்ட அந்தக் குதிரை ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. பண்ணைக்கு அனுப்பியபோது கருவுறச் செய்யும் திறனிலும் குறை தெரிந்தது. நான்கு குட்டிகளே பிறந்தன.

2006-இல் ஃபுளோரிடாவில் நடந்த இரண்டு வயதுக் குட்டிகளின் ஏலத்தில் இன்னொரு சாதனை. தி கிரீன் மங்கி, நார்தர்ன் டான்சர் வழியும் செக்ரெடேரியட் வழியும் கலந்த குட்டி. ஏலத்துக்கு முன் நடக்கும் சோதனை ஓட்டத்தில் ஒரு ஃபர்லாங்கை, அதாவது சுமார் 200 மீட்டரை, 9.8 வினாடியில் கடந்தது. கூல்மோர் நிறுவனம் 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு எடுத்தது. மூன்று பந்தயங்களில் ஓடி எதிலும் வெல்லாமல் அது சம்பாதித்தது 10,440 டாலர். மறுபக்கம் சியாட்டில் ஸ்லூ: முன்னங்கால் சற்று வெளியே திரும்பிய குட்டி. 1975-இல் 17,500 டாலருக்குப் போனது, 1977-இல் ஒரு தோல்விகூட இல்லாமல் அமெரிக்காவின் மும்மணிப் பட்டத்தை வென்றது. ஆஸ்திரேலியாவில் ஜோ ஜானியாக் என்ற டாக்ஸி ஓட்டுநர், முழங்கால் கோளாறு உள்ள டேக்ஓவர் டார்கெட்டை வரியும் சேர்த்து 1,375 ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கினார். அது 2006-இல் இங்கிலாந்தின் ராயல் ஆஸ்காட்டில் வென்றது, மொத்தம் 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் ஈட்டியது.

இந்தக் கதைகளை வைத்து, மலிவாக வாங்கினால் ஜெயிக்கும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மலிவாக வாங்கப்பட்டு எங்கும் பெயர் வராமல் போன குதிரைகள் எண்ணில் அடங்காதவை. நான் சொல்ல வருவது வேறு. 1996-இல் சென்னைப் பந்தயம் தொடர்பான டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. பந்தயத்தைத் தடை செய்யத் தமிழ்நாடு அரசு 1974-இல் சட்டம் இயற்றியிருந்தது. மெட்ராஸ் ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்த 1986-இல் இன்னொரு சட்டமும் வந்தது. இந்த இரண்டாவது சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. அது காட்டிய காரணம் கவனிக்கத்தக்கது: குதிரையின் முந்தைய ஓட்டம், உடல்நிலை, ஜாக்கியின் திறன், சுமக்கும் எடை, தூரம் இவற்றை ஆராய்ந்து மதிப்பிட முடியும். பந்தயம் கட்டுகிறவருக்கு அது சரி. அவர் முன் ஓடிய குதிரையின் பதிவேடு இருக்கிறது. ஓராண்டுக் குட்டியை வாங்குகிறவர் முன் அப்படி எதுவும் இல்லை. சேணம் ஏறாத, களத்தைப் பார்க்காத குட்டியை அதன் அப்பா அம்மா பெயரை வைத்து அவர் எடைபோடுகிறார். அந்த நீதிமன்றத்தின் அளவுகோலையே எடுத்துக்கொண்டால், குதிரை வாங்குவதில் பந்தயம் கட்டுவதைவிடத் திறமைக்கு இடம் குறைவு.

வாங்கிய விலை தொடக்கம்தான். அதன்பின் மாதாமாதம் வரும் ரசீதுதான் ஆளைச் சோதிக்கும். பயிற்சியாளர் கட்டணம், தீவனம், சைஸ் எனப்படும் லாயக்காரரின் சம்பளம், லாடம், கால்நடை மருத்துவர், பந்தய நுழைவுக் கட்டணம், ஜாக்கி கட்டணம், ஊருக்கு ஊர் ஏற்றிச்செல்லும் வண்டி, காப்பீடு. குதிரை ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவை நிற்காது. பிரிட்டனில் குதிரை உரிமையாளர்கள் செய்யும் செலவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே பரிசுப் பணமாகத் திரும்புகிறது என்பது அங்கே பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. முதலீடு என்ற பெயரில் பங்கு விற்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

இத்தனை பாதகமும் தெரிந்து எளிய மக்கள் கூடி ஒரு குதிரை வளர்த்த கதை வேல்ஸில் உண்டு. பங்கு என்ற ஏற்பாடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் காட்டக்கூடிய மிகச் சிறந்த சான்று அதுதான். கேர்ஃபில்லிக்குப் பக்கத்தில் கெவன் ஃபாரஸ்ட் என்ற பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதியில், மதுக்கூடத்திலும் பல்பொருள் அங்காடியிலும் வேலை பார்த்த ஜேன் வோக்ஸ், கணவரோடு சேர்ந்து ரூபெல் என்ற பெண் குதிரையை 350 பவுண்டுக்கு வாங்கினார். அதற்கு 2001-இல் பிறந்த குட்டியை வீட்டருகே ஒரு சிறு தோட்டத் துண்டில் வளர்த்தார்கள். பயிற்சிக்கு அனுப்பப் பணம் வேண்டும். ஊரில் ஆள் சேர்த்து, ஆளுக்கு வாரம் 10 பவுண்டு என்று 23 பேர் கொண்ட கூட்டு அமைந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 12,000 பவுண்டு. டிரீம் அலையன்ஸ் என்று பெயர் வைத்து, பிலிப் ஹாப்ஸ் என்ற பெரிய பயிற்சியாளரிடம் கொண்டுபோய் விட்டார்கள்.

குதிரை வென்றது. பிறகு 2008-இல் எய்ன்ட்ரீ பந்தயத்தில் முன்னங்காலின் தசைநார் அறுந்தது. தடை தாண்டும் பந்தயங்களில் இத்தகைய காயம் பட்ட குதிரையை அங்கேயே முடித்துவிடுவது பல இடங்களில் வழக்கம். இந்தக் கூட்டு வேறு முடிவெடுத்தது. குதிரை தனக்காகச் சம்பாதித்து வைத்திருந்த பணத்திலிருந்து 20,000 பவுண்டு போட்டு, அப்போது புதிதாக வந்த ஸ்டெம் செல் சிகிச்சை செய்தார்கள். அந்தத் தொகை அவர்கள் ஒவ்வொருவருக்கும் பெரிய பணம். பிரித்து எடுத்துக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, 2009 டிசம்பரில், செப்ஸ்டோவில் நடந்த வெல்ஷ் நேஷனல் பந்தயத்தை அதே குதிரை வென்றது. மொத்த வாழ்நாளில் அது ஈட்டியது 1,38,646 பவுண்டு. எல்லாச் செலவும் போக ஒவ்வொரு பங்குதாரருக்கும் கிடைத்த ஆதாயம் 1,430 பவுண்டு. இத்தனை ஆண்டுகள் வாரந்தோறும் பணம் கட்டியதற்கு அது பெரிய ஆதாயம் இல்லை. ஆனால் அவர்கள் எல்லாரும் ஒரே வட்டாரத்தில் இருந்தார்கள், குதிரை குட்டியாக நின்றதைப் பார்த்தவர்கள், ஓர் அறையில் கூடி முடிவெடுக்கக் கூடியவர்கள். ஷெர்கரின் முப்பத்து நான்கு பேருக்கு இல்லாதது இவர்களிடம் இருந்தது.

அடுத்த மாற்றம் 2020-இல் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பருக்குத் தள்ளிப்போன கென்டக்கி டெர்பியை வென்ற ஆதென்டிக் என்ற குதிரையில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம், மைரேஸ்ஹார்ஸ் என்ற நிறுவனத்தின் வழியாக 5,314 பேருக்குச் சொந்தமாக இருந்தது. ஒரு துண்டு என்பது குதிரையின் 0.001 சதவீதம், விலை 206 டாலர். கணக்கைப் பெருக்கிப் பார்த்தால் முழுக் குதிரைக்கும் 2 கோடியே 6 லட்சம் டாலர் விலை வருகிறது. அதே குதிரை குட்டியாக ஏலத்தில் போன விலை 3,50,000 டாலர். பராமரிப்புச் செலவும் அந்த 206 டாலரில் அடங்கியிருக்கலாம், குதிரை அதற்குள் சில பந்தயங்களை வென்றும் இருந்தது. இருந்தாலும் பெரும் ஏற்றம் யார் கைக்குப் போனது என்பது தெளிவு. டெர்பியின் முதல் பரிசு 18,60,000 டாலர். அதில் 0.001 சதவீதம் 18 டாலர் 60 சென்ட். பயிற்சியாளருக்கும் ஜாக்கிக்கும் வழக்கமான பங்கு போக மிஞ்சுவது இன்னும் குறைவு. உலகின் மிகப் பெரிய பந்தயங்களில் ஒன்றை வென்ற நாளில் ஒரு துண்டுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

அந்த 5,314 பேரின் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. டெர்பி வென்ற குதிரையில் என் பெயரும் இருந்தது என்று சொல்லிக்கொள்வது ஒருவர் வாழ்க்கையில் பெரிய விஷயம். அதற்கு 206 டாலர் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் குதிரை எங்கே ஓட வேண்டும், எப்போது ஓய்வு பெற வேண்டும், யாருக்கு விற்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஒரு சொல்லும் இல்லை. ஆதென்டிக்கும் அந்த ஆண்டு முடிவிலேயே, மூன்று வயதில், பண்ணைக்குப் போய்விட்டது.

குதிரை இறந்தால் நட்டம் யாருக்கு என்ற கேள்வி தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. போர்க்குதிரைகளுக்காகப் பாண்டியர்கள் அரபுக் கரைகளையும் பாரசீகக் கரைகளையும் நம்பியிருந்த காலம் ஒன்று இருந்தது. குதிரை வாங்கக் கொடுத்த கருவூலப் பணத்தைத் திருப்பெருந்துறைக் கோயிலில் செலவழித்த வாதவூரரின் கதையும், நரி பரியான கதையும் அந்த வணிகத்தின் நினைவிலிருந்து எழுந்தவை என்றே கருதுகிறேன். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் குறிப்பின்படி, கீஷ் தீவின் வணிகர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்புக்கொண்டார். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை. வழியில் குதிரை இறந்தாலும் அரச கருவூலம் விலையைக் கொடுத்துவிடும். வந்த குதிரைகளும் சரியான பராமரிப்பு இல்லாமல் மடிந்தன என்றும், அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களை வணிகர்கள் இங்கே அனுப்புவதில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். குதிரை செத்தால்தான் விற்பவனுக்கு அடுத்த ஆண்டு வணிகம். இடரை முழுவதும் வாங்குகிறவர் தலையில் வைத்த ஒப்பந்தம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஷெர்கர் விஷயத்தில் இந்தப் பாடம் வேறு உருவில் வந்தது. சாவுக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தவர்களிடம், குதிரை இறந்ததற்குச் சான்று கேட்டார்கள். உடலே இல்லாதபோது சான்றுக்கு எங்கே போவது? திருட்டையும் சேர்த்துக் காப்பீடு செய்தவர்களுக்குப் பணம் கிடைத்தது. ஒரே குதிரையின் சமமான பங்குகள், கடைசியில் வெவ்வேறு மதிப்புப் பெற்றன.

ஓடி முடித்த குதிரை எங்கே போகிறது? பங்கு விற்பவரின் விளம்பரத்தில் இதற்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. ஃபெர்டினாண்ட் 1986 கென்டக்கி டெர்பியை வென்றது, 1987-இல் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரை. 1994-இல் ஜப்பானுக்கு விற்கப்பட்டது. அங்கே அதன் குட்டிகளுக்கு மதிப்பு ஏறவில்லை. கைமாறிக் கைமாறி 2002-இல் அது இறைச்சிக்காக வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்று 2003-இல் செய்தி வந்தபோது அமெரிக்கா அதிர்ந்தது. அதன்பிறகு சில பண்ணைகள், வெளிநாட்டுக்கு விற்கும் குதிரையைத் திரும்பப் பெறும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதத் தொடங்கின. 2012-இல் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்கான தரோபிரெட் ஆஃப்டர்கேர் அலையன்ஸ் உருவானது. டெர்பி வென்ற குதிரைக்கே இப்படி என்றால், நான்காம் தரப் பந்தயத்தில் கடைசியாக வந்த குதிரைக்கு என்ன என்பதை வாசகர் நினைத்துப் பார்க்கலாம்.

இந்தியாவில் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை ஒரு பெரிய நிறுவனத்துக்கே வித்தாகியிருக்கிறது. புனேயின் பூனாவாலா பண்ணை, ஓட்டம் முடிந்த குதிரைகளை மும்பையின் ஹாஃப்கின் நிறுவனத்துக்குச் சீரம் தயாரிக்கக் கொடுத்துவந்தது. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் பாம்புக்கடிக்கும் டெட்டனஸுக்கும் மருந்தாகிறது. அந்தத் தயாரிப்பை நாமே செய்யலாமே என்று எண்ணித்தான் சைரஸ் பூனாவாலா 1966-இல் சீரம் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினார். மனித உயிர் காத்த குதிரைகள் அவை, மறுப்பதற்கில்லை. ஆனால் பந்தயத்தில் பங்கு வாங்கும் ஒருவர் தம் குதிரையின் அடுத்த வாழ்க்கை சவாரிப் பள்ளியா, கடற்கரையா, சீரம் பண்ணையா என்று வாங்கும்போதே அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சென்னை வாசகருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பந்தயம் கண்ட கிண்டியில், 160.86 ஏக்கர் நிலத்தை ஆண்டு வாடகை சுமார் 614 ரூபாய்க்கு 99 ஆண்டுகள் என்று 1945-இல் ரேஸ் கிளப் குத்தகைக்கு எடுத்தது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்து நிலத்தை மீட்க இறங்கியது. நகரத்துக்கு அந்த நிலம் எதற்குத் தேவை என்ற வாதம் தனி. குதிரை வாங்குகிறவர் பார்க்க வேண்டியது, பந்தயக் களமும் லாயமும் தம் கையில் இல்லை என்பதை. சட்டம், வரி, நிலம் இவற்றில் எது மாறினாலும் முதலில் பாரமாகிப்போவது லாயத்தில் நிற்கும் குதிரை. பெட்டிங் மீதான ஜிஎஸ்டியை மட்டும் எடுத்துக்கொண்டால் 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பரில் 40 ஆகிவிட்டது.

யாராவது உங்களுக்குக் குதிரையில் பங்கு தருகிறேன் என்று சொன்னால், வம்சாவளியைப் பார்ப்பதற்கு முன் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். காயம் பட்டால் சிகிச்சையா விற்பனையா என்று யார் முடிவெடுப்பார், ஓட்டம் முடிந்தபின் தீவனச் செலவு யாருடையது, இன்னொருவருக்கு விற்றால் அந்தக் கடமையும் சேர்ந்து போகுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், குதிரை எவ்வளவு அழகாக நடந்தாலும் பணத்தைக் கட்டாதீர்கள்.